பத்து நாள் வேலைக்குக் கல்பேனி போய் 46 நாள் கழித்து வந்த கதை

சென்ற வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கையில் ஒரு படிவத்தோடு கடைக்கு வந்தான். லட்சத்தீவில் ஏ.சி. பொருத்தும் வேலையாம். பதினைந்து நாள், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், கையில் முழுசாக நாற்பதாயிரம். "அண்ணே, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களே, எப்படி இருக்கும்?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் பழைய எரிச்சலும் வந்தது. 2018இல் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் என்னையும் அனுப்பினார்கள். அன்று எனக்கு யாராவது அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு கோடைக்கால வருமானம் மிஞ்சியிருக்கும். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் நாகர்கோவிலில் ஃபிரிட்ஜ், ஏ.சி., ஐஸ் இயந்திரம் பழுது பார்க்கிறவன். எங்கள் தொழிலில் ஏப்ரலும் மேயும்தான் சம்பாதிக்கும் மாதங்கள். அந்த நேரத்தில் கொச்சியைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவர் கூப்பிட்டார். கல்பேனி என்ற தீவில் ஒரு மீன் வியாபாரியின் சின்ன ஐஸ் ஆலை நின்றுபோயிருக்கிறது, கம்ப்ரஸரைப் பிரித்துச் சரிசெய்து, புதிய கேஸ் நிரப்பி ஓட்டிக் கொடுக்க வேண்டும், பத்து நாள் வேலை, 45,000 ரூபாய், முன்பணம் 15,000. பத்து நாளுக்கு நாற்பத்தைந்தாயிரம் என்றதும் எனக்குக் கணக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மலையாளம் தெரியும், தீவு பார்த்ததில்லை, போய் வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். முதல் தவறு அதுதான். வேலை பத்து நாளா என்று பார்த்தேனே தவிர, போகவும் வரவும் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

இந்தியாவுக்குள் இருக்கிற இடம்தானே, டிக்கெட் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். லட்சத்தீவுக்குள் நுழையவும் தங்கவும் வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1967இல் வந்த விதிகள் அவை. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் பழங்குடிப் பட்டியலில் வருகிறவர்கள். வெளியார் அங்கே நிலம் வாங்கவும் முடியாது. வேலைக்குப் போகிறவனுக்குத் தீவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும், நம் ஊர்க் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். ஒரு வாரத்தில் எல்லாம் முடியும் என்றார் ஒப்பந்ததாரர். எனக்கு மூன்றரை வாரம் ஆயிற்று. சீட்டில் எந்தத் தீவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும். என் சீட்டு 30 நாளுக்கு. பத்து நாள் வேலைக்கு முப்பது நாள் எதற்கு என்று அப்போது சிரித்தேன். வேலை எத்தனை நாள் என்று சொல்கிறார்களோ, அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தேதி போட்டு வாங்குங்கள். அதிகம் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று கூச்சப்படாதீர்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு அது சாதாரணம்.

ஏப்ரல் 18ஆம் தேதி ரயிலில் எர்ணாகுளம் போய் இறங்கினேன். கப்பல் 24ஆம் தேதிதான். கப்பல்கள் ஒவ்வொரு நடைக்கும் வேறு வேறு தீவுகளைத் தொட்டுத் திரும்பும். "நாளைக்கு ஒரு கப்பல் இருக்கிறதே" என்றால் அது அகத்திக்கோ மினிக்காய்க்கோ போகிறதாக இருக்கும். ஒப்பந்ததாரர் இதையெல்லாம் பார்க்காமல் வரச் சொல்லிவிட்டார். ஆறு இரவு லாட்ஜ், நாளைக்கு 700 வீதம் 4,200 ரூபாய். சாப்பாடு, பஸ் என்று இன்னொரு இரண்டாயிரம். கப்பல் தேதியையும், அது உங்கள் தீவைத் தொடுகிறதா என்பதையும் உறுதி செய்த பிறகே வீட்டுப் படி இறங்குங்கள். அதோடு, திரும்பும் டிக்கெட்டைப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வேலை எப்போது முடியும் என்று தெரியாமல் எப்படிப் போடுவது என்பீர்கள். உத்தேசமாகப் போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். நான் போடவில்லை.

24ஆம் தேதி மதியம் சாமான்களைச் சோதிக்கும் இடத்தில் என் கேஸ் சிலிண்டரை நிறுத்திவிட்டார்கள். ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு நிரப்பிய சிலிண்டர். அழுத்தம் ஏற்றிய எதையும் பயணிகளோடு விட மாட்டோம் என்றார்கள். அதில் தவறே இல்லை, நான்தான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்குப் போன் செய்தேன். "நீ ஏறு, சிலிண்டரைப் பேப்பூர்த் துறைமுகத்துக்கு அனுப்பி மஞ்சுவில் ஏற்றிவிடுகிறேன், உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்" என்றார். மஞ்சு என்றால் இயந்திரம் பூட்டிய பெரிய மரக்கலம். பேப்பூரிலும் மங்களூரிலும் இருந்து தீவுகளுக்குச் சரக்கு கொண்டுபோவது பெரும்பாலும் அவைதான். அந்த வார்த்தையை நம்பிக் கப்பலில் ஏறினேன்.

கப்பல் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இரவு, வாந்தி, காலையில் கட்டஞ்சாயா. இறங்குவதுதான் விஷயம். கப்பல் கரைக்கு வராது. பவளப்பாறை வளையத்துக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும். கப்பலின் விலாவில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே வரும் நொடியில் இரண்டு பேர் கைகளைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிடுவார்கள். வயதான பெண்மணிகள் வாழைத்தாரைக் கையில் வைத்துக்கொண்டு சர்வசாதாரணமாக இறங்குகிறார்கள். நான் 28 கிலோ கருவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "பெட்டியை விடுங்கள் அண்ணாச்சி, முதலில் ஆள்" என்று படகுக்காரர் அதட்டினார். பெட்டி தனியாக வந்தது, ஒரு மூலை நசுங்கியிருந்தது. பெட்டியை இரண்டாகப் பிரித்துத் தோளில் மாட்டுகிற பைகளில் கொண்டுபோங்கள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

பாறை வளையத்தைத் தாண்டிக் காயலுக்குள் படகு நுழைந்ததும் கடல் சட்டென்று அடங்கி, கண்ணாடி போல, அடியில் கிடக்கும் பவளம் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிடம் நான் எதையும் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்பேனியின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். மொத்த லட்சத்தீவும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான், 36 தீவுகளில் பத்தில்தான் ஊர்கள், அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் 64,473. தரை கடல் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம், சில இடங்களில் அதற்கும் கொஞ்சம் கூட. மலை இல்லை, ஆறு இல்லை, நாய் இல்லை. எங்கு பார்த்தாலும் தென்னை. எனக்குப் பொறுப்பேற்ற வியாபாரி துறையில் காத்திருந்தார். அங்கே மூத்தவர்களைக் காக்கா என்கிறார்கள், காயல்பட்டினத்தில் அண்ணனைச் சொல்வதைப் போலவே. நானும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். முதல் வேலையாகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் அனுமதிச் சீட்டைப் பதிய வைத்தார். இதை மறந்துவிடாதீர்கள்.

கம்ப்ரஸரைப் பிரித்துச் சரிசெய்ய நாலு நாள் போதுமாக இருந்தது. ஆனால் புதிய குழாய் போட ஒரு சுவரை உடைக்க வேண்டும். காக்கா தயங்கினார். அந்தக் கொட்டகை அவருடையது அல்ல, மனைவியின் தறவாட்டுச் சொத்து. அங்கே தாய்வழி மரபு. தாய்வழியில் வரும் குடும்பச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து, அதாவது வெள்ளிக்கிழமைச் சொத்து என்று பெயர், தானே சம்பாதித்ததற்குத் திங்களாழ்ச்சைச் சொத்து, திங்கட்கிழமைச் சொத்து. கணவருக்கு வெள்ளிக்கிழமைச் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டாரிடம் கேட்க வேண்டும். மனைவியின் மாமா ஆந்த்ரோத் என்ற வேறொரு தீவுக்குப் போயிருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்துச் சம்மதம் வாங்க இரண்டு நாள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், எங்கள் ஊரில் பங்காளிகள் ஐந்து பேர் கையெழுத்துக்கு அலைவதைவிட அது வேகம்தான். ஆனாலும் வேலை செய்யப்போகும் இடம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று போகுமுன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது என் முட்டாள்தனம். கண்டென்ஸருக்குள் உப்பும் துருவும் அடைத்திருந்தது. தண்ணீர் விட்டு அலச வேண்டும். வீட்டுக் கிணற்றில் ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கி, தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டினேன். கிணறு வற்றவேயில்லை. நல்ல ஊற்று என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டேன். மாலையில் காக்காவின் மாமியார் ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். ஒரு வாய் குடித்தேன். கடல் உப்பு. அந்த அம்மாள் டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "இனி மழை வந்தால்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர்தான் விளக்கினார். பவளத் தீவு ஒரு பஞ்சு போன்றது. அடியில் முழுக்கக் கடல்நீர். பெய்த மழை அதன் மேல் எண்ணெய் மிதப்பது போல ஒரு மெல்லிய தகடாக மிதக்கிறது. அந்தத் தகடுதான் ஊரின் குடிநீர். மேலே நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் அடியில் உப்பு நாற்பது அங்குலம் ஏறும் என்பது ஏட்டுக் கணக்கு. அதனால்தான் வாளியால் இறைக்கிறார்கள், மோட்டார் போட்டால் நிறுத்தி நிறுத்திப் போடுகிறார்கள். எங்கள் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இலேயே லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அமைத்துவிட்டது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாயில் எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குவார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். என் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுத் தொழில் என்பதால் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. கல்பேனிக்கு அந்த ஆலை வந்தது 2020இல்தான். நான் போனபோது கிணறும் மழைநீர்த் தொட்டியும்தான். எந்தத் தீவுக்குப் போனாலும், இயந்திர வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று முதலில் கேளுங்கள். காயலில் கடல்நீரால் அலசிவிட்டு, கடைசியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் விட்டிருந்தால் போதும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் முதல் அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து நான்தான் தண்ணீர் சுமந்தேன்.

மே 2ஆம் தேதி வேலை முடிந்துவிட்டது, கேஸ் மட்டும் பாக்கி. மஞ்சு வரவில்லை. ஒப்பந்ததாரர் போன் எடுக்கவில்லை. அன்று தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான், ஒரு படம் அனுப்ப அரைமணி ஆகும். (2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி ஒளியிழைக் கேபிள் வந்த பிறகு நிலைமை வேறு.) சிலிண்டர் எங்கே என்று கண்டுபிடிக்கவே நாலு நாள். அது பேப்பூரில்தான் கிடந்தது. காரணம் தெரிந்தபோது யாரையும் திட்ட வாய் வரவில்லை. மே 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலக் கடல். மஞ்சுக்கள் ஓடா. தீவுகளுக்கிடையே போகும் வேகப்படகுகளும் நின்றுவிடும். அதற்கு முன்னால் அரிசி, மாவு, சிமெண்ட், மின்சாரத்துக்கு டீசல் என்று நாலு மாதத்துக்கு வேண்டியதை எல்லாம் தீவில் இறக்கியாக வேண்டும். ஓர் ஊர் முழுக்கச் சாப்பிடும் அரிசி மூட்டைக்கு முன்னால் என் ஒற்றைச் சிலிண்டர் எம்மாத்திரம்? ஏப்ரல் இறுதியில் அங்கே சரக்கு அனுப்புகிறவன் விவரம் தெரியாதவன். உங்கள் வேலைக்கு வேண்டிய கேஸ், பற்றவைக்கும் சிலிண்டர், எண்ணெய் எல்லாம் பிப்ரவரி, மார்ச்சிலேயே போய் இறங்கியிருக்க வேண்டும். இறங்கிவிட்டது என்று தீவுக்காரர் தன் வாயால் சொன்ன பிறகே நீங்கள் கிளம்ப வேண்டும்.

காத்திருந்த நாள்களில் ஊரில் பழுதான ஃபிரிட்ஜ்களைப் பார்த்துக் கொடுத்தேன், பதினொன்றோ பன்னிரண்டோ. உப்புக் காற்று அலுமினியச் சுருளைப் பிஸ்கட் போல ஆக்கிவிடுகிறது. கெபாசிட்டர், ரிலே, ஓவர்லோடு என்று சில்லறைச் சாமான்கள் ஒரு டப்பா கொண்டுபோயிருந்தால் நன்றாக ஓடியிருக்கும். சோறு போடுகிற ஊரில் காசு வாங்க மனம் வரவில்லை. தேங்காயும் மாசும் கொடுத்தார்கள். மாசு என்றால் சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்தது. மாதக்கணக்கில் கெடாது. சூரை பிடிப்பதை ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். காயலில் பிடித்த சின்ன இரைமீன்களை உயிரோடு வைத்திருந்து, ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தின் நடுவே வீசுகிறார்கள். மீன்கள் வெறிபிடித்து மேலே வரும். படகின் பின்பக்கம் வரிசையாக நிற்பவர்கள் கம்பும் கயிறும் கொண்ட தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்கு மேலே வீசுவார்கள். முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது என்பதால் மீன் தானே கழன்று படகுக்குள் விழும். வலை கிடையாது. காக்காவின் பொருளாதாரம் எனக்கு அன்றுதான் புரிந்தது. ஐஸ் இருந்தால் மீனைப் பச்சையாகக் கரைக்கு அனுப்பலாம். ஐஸ் இல்லாவிட்டால் அன்றே வேகவைத்து மாசாக்க வேண்டும், விலை வியாபாரி சொல்வதுதான். மீன், தேங்காய், கயிறு, அரசு வேலை. தீவில் காசு வருவது இந்த நான்கு வழியில்தான். சுற்றுலா கொஞ்சம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் என்று தெரிந்ததும், எங்கள் மீனவ ஊர்களின் பெயரைச் சொல்லி, தூத்தூரா, சின்னத்துறையா என்று கேட்டார்கள். 2017 ஒக்கிப் புயலில் எங்கள் மாவட்டத்து விசைப்படகுகள் பல லட்சத்தீவில்தான் கரைசேர்ந்தன. கல்பேனியிலும் அந்தப் புயலில் தென்னைகள் விழுந்திருந்தன. தீவின் கிழக்குக் கரையில் உடைந்த பவளக் கற்கள் ஒரு கரைமேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847 புயல் தூக்கிப் போட்டதாம். ஆசிரியர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு கணக்குச் சொன்னார். இந்தத் தீவுகள் முன்பு சென்னை மாகாணத்தில் மலபார், தென்கன்னட மாவட்டங்களோடு இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று பிரிந்து யூனியன் பிரதேசம் ஆயின. குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னையோடு சேர்ந்ததும் அதே நாள். "நாங்கள் வெளியே போனோம், நீங்கள் உள்ளே வந்தீர்கள். வாசலில் பார்த்திருப்போம்" என்றார்.

மே 11ஆம் தேதி மஞ்சு வந்தது. 14ஆம் தேதி ஐஸ் ஆலை ஓடியது. முதல் பாளத்தை உடைத்து அந்த மாமியார் அம்மாளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, உப்பு இல்லை என்றார். அவ்வளவுதான், மன்னித்துவிட்டார்.

இனிக் கப்பல் ஏறினால் போதும் என்று நினைத்தேன். 17ஆம் தேதிக் கப்பலில் இடம் இல்லை. நோயாளிகள், மாணவர்கள், அரசுப் பணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால். அது அவர்களுடைய பஸ், அவர்களுக்குத்தான் முதலிடம், அதில் குறை சொல்ல முடியாது. அன்றே ரம்ஜான் நோன்பும் தொடங்கிவிட்டது. பகலில் கடைகள் இல்லை. காக்கா வீட்டில் எனக்கு மட்டும் மதியம் சோறு வைத்தார்கள். கூச்சத்தில் நான் பாதி நாள் வேண்டாம் என்றுவிட்டேன். 22ஆம் தேதிக் கப்பல் கடல் கொந்தளிப்பால் வரவில்லை. அரபிக்கடலின் மேற்கே ஏதோ புயல், இங்கே வரை அலை. கொண்டுபோன இரத்த அழுத்த மாத்திரை பதினைந்து நாளுக்குத்தான், எப்போதோ தீர்ந்திருந்தது. அரசு மருத்துவமனையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். ஓர் இரவு கர்ப்பிணி ஒருவரை ஹெலிகாப்டரில் கொண்டுபோனதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அவசரம் என்றால் இங்கிருந்து நகர அது ஒன்றுதான் வழி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு எடுத்துப் போங்கள். ரொக்கமும் கொண்டுபோங்கள். நான் ஏ.டி.எம். அட்டையை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். மது எதுவும் பையில் இருக்கவே கூடாது, அங்கே மதுவிலக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

24ஆம் தேதி என் அனுமதிச் சீட்டு முடிந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. நம் ஊராக இருந்தால் கவுன்சிலரைப் பிடிக்கலாம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம். அங்கே எம்.எல்.ஏ.வே கிடையாது, சட்டமன்றமும் முதலமைச்சரும் இல்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகி ஒருவர் கவரத்தியில் இருக்கிறார், அவர்தான் அரசு. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர். பி.எம். சயீத் என்பவர் 1967இலிருந்து 2004 வரை தொடர்ந்து அந்த இடத்தில் இருந்திருக்கிறார். உயர் நீதிமன்றம் கேரளத்துடையது. ஊர் மட்டத்தில் அப்போது தீவுப் பஞ்சாயத்து இருந்தது. ஆனால் என் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. தீவிலேயே இருக்கும் துணைக்கோட்ட அதிகாரி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். காக்கா தன் பொறுப்பில் இன்னொரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். கப்பல் வராததற்கு நானா பொறுப்பு என்று சண்டை போடும் மனநிலையில்தான் போனேன். உள்ளே இருந்தவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "கப்பல் இல்லை, வேறு எங்கே போவீர்கள்" என்று சொல்லித் தேதியை எழுதிக் கொடுத்தார். சீட்டு முடிவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே போயிருந்தால் அந்த வியர்வையும் மிச்சம். பொறுப்பேற்றவரோடு சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தீவில் நீங்கள் யாருமில்லை.

மே 29ஆம் தேதி கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். 31ஆம் தேதி ஒருவழியாகக் கப்பல். அந்த அலையில் படகிலிருந்து கப்பலின் விலாக் கதவுக்குத் தாவியதை என் மனைவியிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. ஜூன் 2ஆம் தேதி வீட்டுக்கு வந்தேன். முந்தின நாள்தான் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. மகள் ஆறாம் வகுப்புக்குப் புதிய பள்ளிக்கு நான் இல்லாமலே போய்விட்டு வந்திருந்தாள். இரண்டு நாள் பேசவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேசியது 45,000. முன்பணம் 15,000, ஆகஸ்டில் அலைந்து வாங்கியது 12,000. பாக்கி 18,000 வரவேயில்லை. "வேலைக்குத்தானே கூலி, காத்திருந்ததற்கு யார் தருவார்கள்" என்றார் ஒப்பந்ததாரர். வேலைக் கூலியே முழுசாக வரவில்லை என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கைச்செலவு லாட்ஜ், சாப்பாடு, சான்றிதழ் அலைச்சல் எல்லாம் சேர்த்து 8,000. ஆக 46 நாளுக்கு மிஞ்சியது 19,000, நாளொன்றுக்கு 413 ரூபாய். கோடையில் கடையில் இருந்திருந்தால் குறைந்தது நாளைக்கு 1,500. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள், பாதிக் கூலியாவது. முடிந்தால் ஒப்பந்ததாரரை விட்டுத் தீவுக்காரரோடு நேராகப் பேசுங்கள். காக்கா முழுத் தொகையையும் அந்த மனிதரிடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டார் என்பது எனக்கு ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது.

பக்கத்துத் தெருப் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவன் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். தங்கும் நாள்கள் என்ற இடத்தில் பென்சிலால் பதினைந்து என்று எழுதியிருந்தது. கிளம்பும் தேதி ஏப்ரல் 20. இரண்டையும் அழிக்கச் சொன்னேன். ரப்பர் இல்லையே என்றான். எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போயிருக்கிறான்.